உப்புக் காற்றும் உயிர்வேலியும்

மாசி மகத்தன்று, மயிலத்து முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் சுற்று வட்டாரத்துத் தெய்வங்கள் பிறவும் மேளதாளத்தோடு புறப்பட்டு வந்து, புதுச்சேரி நகரின் வடபுறத்தில் குருசுக்குப்பத்தை அடுத்துள்ள வைத்திக்குப்பத்துக் கடற்கரையில் வரிசையாக எழுந்தருளித் தீர்த்தவாரி கண்டருளும் வேளையில், ஆயிரக்கணக்கில் கூடும் ஜனங்கள் சுவாமி தரிசனத்துக்கு அடுத்தபடியாகத் தேடுவது நிழலையே. துணிப் பந்தலும் நிழல் தருகிறது. தகரக் கொட்டகையும் நிழல் தருகிறது. எங்கேனும் ஒரு சுவரோரத்தில் பிழைத்து நிற்கும் பூவரச மரமும் நிழல் தருகிறது. ஒளியை மறைக்கும் அளவில் இம்மூன்றுக்கும் பெரிய பேதமில்லை. சொல்லப்போனால், தகரம் மறைப்பதுபோல் இலை முற்றிலும் மறைப்பதுமில்லை. இருந்தும், இடுப்பில் குழந்தையோடு வரும் தாய்மார் இடம் கிடைத்தால் முதலில் ஒதுங்குவது மரத்தடியில்தான். அவர்களுடைய இந்தத் தேர்வுக்குப் பின்னால் இருக்கும் பௌதிகத்தை அறிந்துகொண்டவன், மரம் ஒரு நகரத்துக்குச் செய்யும் உபகாரங்களில் பாதியை அறிந்துகொண்டவனாவான்.

வெயிலில் காயும் தகரத்துக்குத் தன் வெப்பத்தைக் கழிக்க இரண்டு வழிகளே உண்டு. தன்னைத் தழுவிச் செல்லும் காற்றுக்குச் சிறிது கொடுக்கும். எஞ்சியதைக் கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிர்களாக மேலும் கீழும் வீசும். சித்திரை மாதத்து நடுப்பகலில் அது 60 டிகிரி வரையில் காயக்கூடுமாதலால், அதன் அடியில் நிற்பவன் சூரியனிடமிருந்து தப்பிக் கூரையிடம் அகப்பட்டுக்கொள்கிறான். இலைக்கோ மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதன் அடிப்புறத்தில், பெரும்பாலான மரங்களில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு நூற்றுக்கணக்காக அமைந்துள்ள நுண்ணிய துளைகளை, கரியமில வாயுவை உள்ளே வாங்கும் பொருட்டு இலை திறந்து வைக்கிறது. திறந்த துளை வழியே உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறுவதை அதனால் தடுக்க முடிவதில்லை. மரத்துக்கு நஷ்டமான இந்தக் காரியம் நமக்கு லாபமாகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக வேண்டுமானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் தேவை; அந்த வெப்பத்தை நீர் இலையிடமிருந்தே எடுத்துக்கொண்டு போகிறது. ஆகவே இலை, சுற்றியுள்ள காற்றின் உஷ்ணத்தைவிட அதிகம் ஏறாமல் தன்னைக் காத்துக்கொள்கிறது. அதன் அடியில் நிற்பவன்மேல் வெப்பக் கதிர்களையும் அந்த அளவே வீசுகிறது.

ஒரு பெரிய மரம் நல்ல ஈரமுள்ள மண்ணில் நின்று ஒரு பகலில் 100 லிட்டர் நீரை ஆவியாக்குவதாகக் கொண்டால், அது அப்புறப்படுத்தும் வெப்பம் 58,000 கிலோ கலோரி. கடைகளில் ஒரு டன் என்ற கணக்கில் விற்கப்படும் அறைக் குளிர்சாதனப் பெட்டி ஒரு மணியில் சுமார் 3,000 கிலோ கலோரி வெப்பத்தை அப்புறப்படுத்துகிறது. எனவே அந்த மரத்தின் ஒரு நாள் வேலை, அந்தப் பெட்டி ஏறக்குறைய 19 மணி நேரம் இடைவிடாது ஓடுவதற்குச் சமம். பெட்டி தான் உள்ளே எடுத்த வெப்பத்தோடு தன் மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்துத் தெருவிலே கொட்டுகிறது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

இந்தக் கணக்கை உற்சாகத்தோடு எழுதுகிறவர்கள் பலர். கடற்கரைக்கு இது முழுமையாகப் பொருந்தாது என்பதையும் உடன் எழுதுகிறவர்கள் சிலரே. காற்றில் ஏற்கனவே ஈரம் மிகுந்திருக்கும்போது ஆவியாதல் மந்தமாகும். வேலூரில் நிற்கும் வேப்பமரத்துக்கு உள்ள உலர்ந்த காற்று வைத்திக்குப்பத்து வேப்பமரத்துக்கு இல்லை. ஆகையால் கடலோரத்தில் மரத்தடிக் காற்றின் உஷ்ணத்தை மானியால் அளந்தால், வெட்டவெளிக்கும் அதற்கும் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் தெரியாமல் போகலாம். ஆனால் மனிதனுடைய உடம்பு காற்றின் உஷ்ணத்தை மட்டும் உணர்வதில்லை. மேலிருந்து வரும் வெயிலையும், கீழிருந்து தார்ச்சாலையும் பக்கத்திலிருந்து சுவர்களும் வீசும் கதிர்களையும் அது சேர்த்தே உணர்கிறது. மரம் இவை யாவற்றையும் ஒருங்கே குறைக்கிறது. பிற்பகலில் கடற்காற்று எழும்பிய பிறகு, அந்தக் காற்று தடையின்றி வரும்படி கிளைகள் உயர்ந்து நிற்கும் மரத்தின் அடியில் கிடைக்கும் சுகம், கதிர்களின் குறைவும் இந்தக் காற்றும் கூடியதனால் விளைவது.

இலை ஏன் தன் ஈரத்தை இழந்தும் வாயுவை வாங்குகிறது என்று கேட்டால், அதுவே மரத்தின் ஆகாரம் என்பதுதான் பதில். பதினேழாம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்னும் பெல்ஜிய நாட்டு வைத்தியர் ஒரு தொட்டியில் சுமார் 90 கிலோ உலர்ந்த மண்ணை நிறுத்துப் போட்டு, அதில் இரண்டேகால் கிலோ எடையுள்ள ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்தாண்டுகள் நீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரம் ஏறத்தாழ 77 கிலோ ஆயிற்று. மண்ணோ 60 கிராம்கூடக் குறையவில்லை. மரம் முழுவதும் தண்ணீரே என்று அவர் முடிவு கட்டினார். முடிவு பிழை, ஆனால் சோதனை உன்னதமானது, ஏனெனில் மரம் மண்ணைத் தின்று வளர்கிறது என்ற பழைய நம்பிக்கை அதனால் ஆட்டம் கண்டது. காய்ந்த மரக்கட்டையின் எடையில் ஏறத்தாழ பாதி கரி. அந்தக் கரி அத்தனையும் காற்றிலிருந்து இலை வழியே வந்தது என்பது அவர் காலத்துக்கு நூறாண்டுகளுக்கும் பின்னரே உலகுக்கு விளங்கிற்று.

தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் பங்கு காற்றில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420 பங்கைத் தாண்டியிருக்கும் காலத்தில், இந்தச் சிறு உண்மைக்குப் பெரிய மதிப்பு ஏற்பட்டிருக்கிறது. மதிப்பு ஏற்பட்டதால் மிகையும் ஏற்பட்டிருக்கிறது. ஒரு டன் காய்ந்த கட்டையாக வளர்ந்த மரம் தன் ஆயுளில் காற்றிலிருந்து எடுத்து வைத்திருக்கும் கரியமில வாயு சுமார் 1,830 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ உண்டாகிறது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் ஓர் இருசக்கர வண்டி 40,000 கிலோமீட்டர் ஓடி முடிக்கும்போது, பல பத்தாண்டுகள் நின்று அந்த மரம் சேர்த்த சேமிப்பைச் செலவழித்துவிடுகிறது. இருசக்கர வண்டிகள் மலிந்த புதுச்சேரியில் இந்தக் கணக்கு எதில் போய் முடியும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். மரம் நடுவது புகை விடுவதற்குப் பிராயச்சித்தம் ஆகாது. மரத்தின் மெய்யான பிரயோஜனம், அது நிற்கும் தெருவுக்கும் அந்தத் தெருவின் மண்ணுக்கும் காற்றுக்கும் அது செய்யும் காரியங்களில் இருக்கிறது. கடலோரத்தில் அவற்றுள் தலையாயது காற்றைத் தாங்குவது.

1916 ஆம் ஆண்டு, நள வருஷம் கார்த்திகை மாதம் 8 ஆம் தேதி புதன்கிழமை இரவு புதுச்சேரியைத் தாக்கிய புயலை, அப்போது அங்கே வாசம் செய்துவந்த பாரதியார், பாட்டின் தலைப்பிலேயே தேதியிட்டுப் பதிவு செய்திருக்கிறார். அதன் தொடர்ச்சியாக அவர் பாடிய ‘பிழைத்த தென்னந்தோப்பு’, கணக்கற்ற மரங்கள் வீழ்ந்துகிடந்த நாட்டில் ஏழை ஒருவனுடைய சிறு தென்னந்தோப்பு மட்டும் தப்பி நின்றதைச் சொல்வது. தெய்வ கிருபை என்று கவி கண்டதைச் சாஸ்திரம் மறுக்க வேண்டியதில்லை. தென்னை எப்படித் தப்பக்கூடும் என்று மட்டும் அது சொல்ல முயலும். தென்னையின் தண்டு, மாமரத்தின் தண்டைப்போல வைரம் பாய்ந்து ஆண்டுதோறும் வளையம் வளையமாகப் பருப்பதன்று; நார்க்கற்றைகள் ஓரத்தில் நெருங்கியும் நடுவில் கலைந்தும் அமைந்த அந்தத் தண்டு, விறைத்து எதிர்க்காமல் வளைந்து கொடுக்கிறது. ஓலையின் கீற்றுகள் காற்றின் போக்கில் மடங்கிக்கொள்வதால் காற்றுக்கு அகப்படும் பரப்பு சுருங்குகிறது. அடியிலிருந்து ஆயிரக்கணக்கில் கிளம்பும் ஒரே பருமனான வேர்கள் மண்ணை ஒரு பெரிய கட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன. இவ்வளவும் இருந்தும் தென்னை புயலில் விழுவதுண்டு. விழாமல் நிற்பதற்கான சந்தர்ப்பம் அதற்கு அதிகம் என்பதே பொருள்.

2011 டிசம்பர் 30 ஆம் தேதி காலையில், புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த தானே புயல், மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசியபோது, நகரத்தின் சாலையோர மரங்களிலும் 1826 இல் பிரெஞ்சுக்காரர் அமைத்த தாவரவியல் பூங்காவின் பழைய மரங்களிலும் கணக்கற்றவை சாய்ந்தன. கடலூர் மாவட்டத்து முந்திரித் தோப்புகளும் பலாத் தோப்புகளும் பட்ட பாடு அதனினும் கொடியது. காற்று ஒரு பொருளின்மேல் செலுத்தும் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது: வேகம் 70 இலிருந்து 140 ஆனால் விசை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. ஆகவே வழக்கமான பருவக் காற்றையெல்லாம் சளைக்காமல் தாங்கிய மரம் புயலில் விழுவதில் ஆச்சரியமில்லை. எந்த மரம் விழுந்தது, எது நின்றது என்பதிலேதான் படிப்பினை இருக்கிறது.

செம்மயிற்கொன்றை, இயல்வாகை, தூங்குமூஞ்சி ஆகியவை வெளிநாடுகளிலிருந்து வந்து நம் சாலைகளை அழகு செய்பவை. விரைவில் வளர்ந்து அகலக் குடை விரிப்பவை. விரைவில் வளர்ந்ததன் விலையாக மென்மையான கட்டையும் மேலோட்டமான வேரும் உடையவை. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோதும் இந்த ஜாதி மரங்களே பெருவாரியாக வீழ்ந்தன. ஆனால் குற்றம் முழுவதையும் மரத்தின் ஜாதிமேல் போடுவது நியாயமாகாது. பெரும்பாலான மரங்களின் வேர்களில் மிகுதியானவை தரைக்கு ஒரு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே, கிளைகள் விரிந்திருக்கும் எல்லைக்கும் அப்பால், பரந்து ஓடுகின்றன. நாமோ அடிமரம் வரையில் சிமெண்டு பூசுகிறோம். ஒருபக்கம் கழிவுநீர் வாய்க்காலுக்காகவும் மறுபக்கம் குடிநீர்க் குழாய்க்காகவும் பள்ளம் தோண்டி வேரை அறுக்கிறோம். மின்கம்பிக்காகத் தெருப்பக்கத்துக் கிளைகளை மட்டும் வெட்டி, பாரம் முழுவதும் ஒரே திசையில் சாயும்படி விடுகிறோம். பத்து ஆண்டுகளாக நாம் தள்ளிய மரத்தை ஒருநாள் காற்று வந்து கீழே போடுகிறது.

புதுச்சேரிக்கு வடமேற்கே ஆரோவில் மேட்டில் நேர்ந்ததும் இதையே வேறொரு விதத்தில் காட்டுகிறது. 1968 பிப்ரவரி 28 ஆம் தேதி அந்நகரம் தொடங்கப்பட்டபோது, அந்தச் செம்மண் மேடு பெரும்பாலும் மரமற்ற பொட்டல். ஒவ்வொரு மழையிலும் மேல்மண் கரைந்து, ஆழ்ந்த ஓடைப் பள்ளங்களை அறுத்துக்கொண்டு கடலில் போய் விழுந்துகொண்டிருந்தது. அங்கே வந்து குடியேறியவர்கள் கன்றுகளை நடுவதோடு நிற்காமல், மழைநீர் ஓடாமல் தேங்கும்படி மண் வரப்புகளை எழுப்பி, பள்ளங்களுக்குக் குறுக்கே அணைகள் கட்டினார்கள். தேங்கிய நீரில் மரம் பிழைத்தது. பிழைத்த மரத்தின் வேரும் சருகும் அடுத்த மழையின் நீரை மண்ணுக்குள் இறக்கின. ஆரம்பத்தில் வறண்ட மண்ணிலும் வேகமாக வளரக்கூடிய ஆஸ்திரேலிய அகேசியா மரத்தை அவர்கள் நிறைய நட்டார்கள். அதன் நிழல் ஏற்பட்ட பிறகே, இக்கரையின் பூர்வீகமான வறண்ட பசுமைமாறாக் காட்டின் மரங்களாகிய வீரை, காயா, பாலை, கருங்காலி முதலியவற்றை இடையிடையே வளர்த்தார்கள். தானே புயலில் அந்த அகேசியாக்கள் கூட்டம் கூட்டமாக முறிந்து விழ, மெதுவாக வளர்ந்து வந்த பூர்வீக மரங்களோ மொத்தத்தில் நன்றாகத் தாக்குப்பிடித்தன. அகேசியாவை நட்டது வீண் என்று இதனால் சொல்லிவிட முடியாது. தன் நிழலில் மற்றவை வளரும் வரை நின்று, பிறகு இடத்தை விட்டுப் போனது. அதன் காரியம் அதுவே. பூர்வீகக் காடு எப்படி இருந்தது என்று பார்க்க விரும்புகிறவர்கள், காலாப்பட்டுக்கு அப்பால் புத்துப்பட்டில் ஐயனார் கோயிலைச் சூழ்ந்திருக்கும் காவுக்குப் போகலாம். சாமிக்குப் பயந்து யாரும் கோடாலி வைக்காததால் மிஞ்சிய துண்டு அது.

இதுவரை சொன்னது தனி மரம் காற்றிலே படும் பாடு. மரங்கள் வரிசையாக நின்று ஓர் ஊருக்கு உயிர்வேலியாகும்போது வேறொரு விதி குறுக்கிடுகிறது. காற்றை முற்றிலும் அடைக்கும் மதிற்சுவர் நல்ல காப்பு என்று தோன்றும். உண்மையில் சுவரின்மேல் ஏறிக் குதிக்கும் காற்று, மறுபுறத்தில் சுழன்று, கூரையைப் பிய்க்கிறது. பாதி அடைத்துப் பாதி விடும் மரவேலியோ காற்றைச் சல்லடையாகச் சலித்து, வேகத்தைத் தணித்து அனுப்புகிறது. வேலியின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரத்துக்கு அந்தத் தணிவு பரவும். அதே வேளையில், அலை உடைந்து தெறிக்கும் உப்புத் துளிகளையும் இலைகள் வழிமறிக்கின்றன. இந்த உப்பே வீட்டுக் கதவின் கீலையும் கான்கிரீட்டின் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியையும் தின்பது. அதைத் தன்மேல் ஏற்றுக்கொண்டும் கருகாமல் இருக்க எல்லா இலைக்கும் சக்தி இல்லை. புன்னையின் தடித்துப் பளபளக்கும் இலைக்கும், பூவரசின் இலைக்கும், தாழையின் மடலுக்கும் அந்தச் சக்தி உண்டு. இலையே போன்று தோன்றும் பசுங்குச்சிகளால் ஆன சவுக்குக்கும் உண்டு.

சவுக்கைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரயில் எஞ்சினுக்கும் அடுப்புக்கும் விறகு வேண்டிச் சோழமண்டலக் கரை நெடுகப் பரப்பப்பட்ட இந்த அந்நிய மரம், வேரிலே குடியிருக்கும் ஒருவகை நுண்ணுயிரின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனையே உரமாக்கிக்கொள்ள வல்லது; ஆதலால் வெறும் மணலில் வளர்கிறது. சாரம் கட்டவும் பந்தல் கால் நாட்டவும் அதைவிட்டால் நமக்கு வேறு கதியில்லை. ஆனால் அதன் சருகு மெத்தையாகப் படிந்த இடத்தில் வேறு செடி எளிதில் தலைகாட்டுவதில்லை. சில ஆண்டுகளில் வெட்டுவதற்காகவே நடப்படுவதால், வெட்டிய ஆண்டில் புயல் வந்தால் அந்த ஊருக்கு வேலி இல்லை.

ஆழிப்பேரலையையும் மரம் தடுக்குமா என்ற கேள்வி 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு பலமாக எழுந்தது. பரங்கிப்பேட்டைக்கு அருகே 18 குப்பங்களில் கணக்கெடுத்து, மரச்செறிவு உள்ள இடங்களில் உயிர்ச்சேதம் குறைந்ததாகக் கூறிய ஆய்வு 2005 இல் வெளியாயிற்று; அதே புள்ளிகளை மறுபடி கணக்கிட்ட வேறு சிலர், கடலிலிருந்து குப்பம் இருந்த தூரமும் தரையின் உயரமுமே பெரும்பாலும் அதற்குக் காரணம் என்று 2006 இல் வாதித்தார்கள். மரம் நல்லது என்று ஏற்கனவே முடிவு செய்துவிட்ட மனத்துக்கு இந்த வாதம் கசக்கும். ஆனாலும் வாதத்தில் பலம் இருக்கிறது. உயரமான மணல்மேட்டிலும் கடலுக்கு எட்டத்திலும்தான் மரங்கள் செழிக்கின்றன என்றால், காப்பாற்றியது மேடா, மரமா என்று பிரிப்பது சுலபமன்று. புயற்காற்றின் விஷயத்தில் மரத்தின் உபகாரம் பிரத்தியட்சம். பேரலையின் விஷயத்தில் அது இன்னும் விவாதத்துக்கு உரியது.

மணல்மேட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால், வைத்திக்குப்பத்தின் மெய்யான துயரத்துக்கு வந்து சேருகிறோம். இயற்கையான கடற்கரையில் மரம் முதலில் வருவதில்லை. அலைக்கு அருகே அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்து, பறக்கும் மணலைப் பிடித்து மேடாக்கும்; அதன் பின்புறத்தில் தாழை; அதற்கும் பின்னால், உப்பு சற்றுத் தணிந்த இடத்தில், புன்னையும் பூவரசும் பனையும். இந்த வரிசைக்கு முதல் மூலதனம் மணல். நம் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை: தென்மேற்குப் பருவத்தில் அலைகள் அதை வடக்கே தள்ளும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே தள்ளும், வரவு செலவு பார்த்தால் வடக்கே போவதே மிகுதி. 1980களின் பிற்பாதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக எழுப்பிய அலைதடுப்புச் சுவர்கள் இந்தப் பயணத்தை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே நகரத்தின் கடற்கரை தேய்ந்தது. கரையைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்துக்கு அடுத்த வடபகுதி தேய, அங்கும் கல் வந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று அரிப்பு வடக்கு நோக்கி நகர்ந்தது. படகு இழுத்து வைக்கவும் வலை உலர்த்தவும் இருந்த மணல்வெளி போன பிறகு, கடலுக்குள் நீளும் கற்சுவராகிய தூண்டில் வளைவு கட்டித் தாருங்கள் என்று மீனவர்கள் கேட்பது வழக்கமாயிற்று. 2018 இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார் கடலுக்குள் ஓர் இரும்புத் திட்டை இறக்கிய பிறகு அங்கே மணல் திரும்பியது. வடக்கே உள்ள குப்பங்களுக்கு அந்தப் பாக்கியம் அப்படியே கிட்டவில்லை.

மணல் இல்லாத இடத்தில் அடும்பு படராது. அடும்பு இல்லாத இடத்தில் மேடு எழாது. கருங்கற்களின் இடுக்கில் மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம், வேர் பிடிக்காது. கடலோரத்தில் மரம் வளர்க்கும் திட்டம் எதுவும், மணலின் போக்கைப் பற்றி யோசியாமல் எழுதப்படுமானால், நாற்றங்கால்காரருக்கு மட்டுமே உபயோகப்படும். ஆனால் கல்லுக்குப் பின்னால் தெரு இருக்கிறது, கோயில் வெளி இருக்கிறது, பள்ளிக்கூட முற்றம் இருக்கிறது. அங்கே இன்னும் மண் உண்டு.

அந்த மண்ணுக்கு அடியில் நல்ல தண்ணீரும் உண்டு என்பதை மறக்கலாகாது. மழை நீர் உப்பு நீரைவிட இலேசானது. அதனால் மணலுக்குள் இறங்கிய மழைநீர், கீழே பரவியிருக்கும் கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. எடை வித்தியாசம் சிறிதே ஆதலால், கடல்மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரையில் அது உப்பை அமுக்கி வைத்திருக்கும். மேலே அரை மீட்டர் இறங்கினால் கீழே உப்பு 20 மீட்டர் ஏறும். 2024 நவம்பர் 30 ஆம் தேதி பெஞ்சல் புயலோடு ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தபோது புதுச்சேரி மிதந்தது. அந்த வெள்ளத்தை மரத்தின் இலைகள் தாங்கியிருக்கும் என்று சொன்னால் அது கட்டுக்கதை, ஏனெனில் ஒரு மரத்தின் இலைகளெல்லாம் சேர்ந்து பிடிக்கக்கூடியது சில மில்லிமீட்டரே. ஆனால் மரத்தைச் சுற்றிச் சிமெண்டு பூசாமல் விட்ட திறந்த மண்ணும், பழைய வேர்கள் மட்கி விட்டுப்போன துவாரங்களும், வழக்கமான ஐப்பசி மழையைக் கீழே இறக்கும் வாசல்கள். மரமும் அந்த நீரில் பங்கு கேட்கும். இறக்குவதைவிட அதிகம் குடிக்கும் மரமா என்பதை இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நீர் குறைந்த இடத்தில் தைலமரத்தை நட்டுவிட்டுக் கிணற்றைக் குறை சொல்லிப் பயனில்லை.

இனி நடுவதைப் பற்றி. மேலே சொன்ன நன்மை ஒவ்வொன்றும் இலையின் பரப்பையும் வேரின் பரப்பையும் சார்ந்தது. ஆகவே ஓர் ஆள் உயரக் கன்று, முதிர்ந்த மரத்தின் வேலையில் நூற்றில் ஒரு பங்கும் செய்யாது. ஒரு பழைய மரத்தை வெட்டிவிட்டுப் பதிலுக்குப் பத்துக் கன்று நடுவதாக வாக்களிப்பது, இருபது ஆண்டுகளுக்குப் பத்தும் பிழைத்திருக்கும் என்ற நிபந்தனையின்மேல் கொடுக்கும் வாக்கு. சென்ற ஆண்டின் குழியிலேயே இவ்வாண்டும் கன்று நடும் விழாக்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பலரும் எடுத்துச் சொல்லிப் பழகிய நற்றிணைப் பாட்டு ஒன்றில், பெண்கள் விளையாட்டாக மணலில் புதைத்து மறந்த புன்னைக் கொட்டை முளைவிட, அதற்கு நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்தார்கள் என்று வருகிறது. பாலும் நெய்யும் மரத்துக்கு அவசியமில்லை. கடலோர மணலில் புதைந்த புன்னை விதை முளைக்கும் என்பதும், முளைத்ததை அவர்கள் பேணி வளர்த்தார்கள் என்பதும் தாவர சாஸ்திரத்துக்கு முற்றிலும் ஒத்தவை.

மணற்பாங்கான தரையில் நீர் தங்காது என்பதே கன்றின் முதல் ஆபத்து. குழியின் அடியில் தேங்காய் மட்டைகளை நார்ப்புறம் மேலாக அடுக்கி, அதன்மேல் வண்டலும் எருவும் கலந்த மண்ணை இட்டு நடுவது நம் தோப்புக்காரர்களின் பழைய வழக்கம். மட்டை நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாக விடும். தினமும் ஒரு செம்பு ஊற்றுவதைவிட, நான்கைந்து நாளுக்கொருமுறை இரண்டு மூன்று குடம் ஊற்றுவது மேல்: மேல்மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே நின்றுவிடும், நீர் ஆழத்தில் இறங்கினால் வேரும் அதைத் தேடிக்கொண்டு இறங்கும். பிளாஸ்டிக் பையில் நெடுநாள் இருந்த கன்றின் வேர், பையின் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி வளர்ந்திருக்கும்; அதை அவிழ்த்தோ அறுத்தோ விடாமல் நட்டால், பதினைந்து ஆண்டுக்குப் பின் வரும் புயலில் மரம் வேரோடு திருகிக்கொண்டு விழக் காரணம் அதுவே. ஊன்றுகோலை இறுகக் கட்டிவிட்டு அவிழ்க்க மறப்பதும் தவறு. காற்றில் சிறிது ஆடும் கன்றின் அடித்தண்டே தடிக்கிறது. வளர்ந்த மரங்களுக்கு, புரட்டாசி முடிவதற்குள் காய்ந்த கிளைகளையும் ஒன்றோடொன்று உராயும் கிளைகளையும் எடுத்து, குடையை எல்லாப் புறமும் சமமாகச் சற்று இலேசாக்கிவிட்டால், ஐப்பசி கார்த்திகையில் வரும் காற்று உள்ளே புகுந்து வெளியேற இடம் கிடைக்கும். மொட்டையடிப்பது இதற்கு நேர் விரோதமானது. மொட்டையிலிருந்து கிளம்பும் புதுக்கிளைகள் உறுதியாக ஒட்டுவதில்லை, அடுத்த புயலில் அவையே முதலில் கிழியும்.

கடலோர ஊர்களில் பூவரசை ஆள் உயரப் போத்தாக வெட்டி வந்து மழைநாளில் ஊன்றிவிடுவது சுலபமான வழக்கம். சில மாதங்களில் தழைத்து, நட்டவனுக்குச் சந்தோஷத்தைத் தரும். ஆனால் போத்தில் ஆணிவேர் இல்லை. பெரிய போத்திலிருந்து வந்த மரத்தின் நடுவயிறு வெட்டுவாயிலிருந்தே உளுத்துப் பொந்தாவதும் சகஜம். விதையிட்டு எழுப்பிய கன்று முதல் இரண்டு கோடையிலும் போத்துக்கு மிகவும் பின்தங்கியே இருக்கும். ஆட்டுக்கும் பந்தாடும் பிள்ளைகளுக்கும் தப்ப அதற்கு முள்வேலி வேண்டும், பங்குனியிலிருந்து ஆடி வரையில் தண்ணீரும் வேண்டும். வைத்திக்குப்பத்துத் தெருக்களுக்கு எதைத் தேர்வது என்று கேட்டால் விதைக்கன்றையே சொல்வேன். தேர்வதற்கு முன், அந்த இரண்டு கோடைக்கும் குடம் தூக்கப்போகிற வீடு எது என்பதைத் தெருவார் கூடிப் பேசி முடித்துக்கொள்ள வேண்டும், அப்படி ஒரு வீடு முன்வராத இடத்தில் போத்தையே ஊன்றிவிடலாம்.